சௌவின் ஒரு கடவுள் அல்ல

‘ஹாலோவீன் என்பது சாம்ஹைன் என்ற மரணக் கடவுளின் விழா, கெல்டியர்கள் (அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதிகளின் பழங்குடி மக்கள்) 2000 ஆண்டுகளாகப் பூசணிக்காயைக் குடைந்து விளக்கேற்றுகிறார்கள்’ என்று ஒரு பதிவில் எழுதியிருப்பதில் இரண்டுமே தவறு.

அப்படியொரு கடவுள் பழைய ஐரிஷ் நூல்களில் இல்லை. ‘சாம்ஹைன்’ (Samhain) என்று எழுதியிருக்கும் சொல்லை ‘சௌவின்’ என்று உச்சரிக்க வேண்டும். அது அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளின் பெயர். இன்றும் ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கு அதுதான் பெயர். கடவுள் கதையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் 18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் பழமையை ஆராய்ந்த சார்லஸ் வாலன்சி. ஹாலோவீன் என்ற பெயரோ கிறித்தவப் பெயர்: நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாளின் முந்தைய மாலை.

பூசணி அமெரிக்கக் கண்டத்துக் காய். 1492க்கு முன் ஐரோப்பா அதைக் கண்டதே இல்லை. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் முகம் போலக் குடைந்து விளக்கேற்றியது டர்னிப் என்ற, முள்ளங்கி வகைக் கிழங்கைத்தான். அந்தப் பழைய முகங்களைப் பார்த்தால் இன்றைய பூசணி சாதுவாகத் தோன்றும்! செய்து பார்ப்பவர்கள் கவனிக்கவும்: கிழங்கு கெட்டியானது, கத்தி வழுக்கும், மேல்பகுதியை வெட்டிவிட்டு உறுதியான கரண்டியால் சுரண்டுங்கள். சுவர் சுமார் 1 செ.மீ. இருக்கட்டும், அதைவிட மெலிந்தால் சுருங்கி முகம் கோணும். மூடியில் துளை போடாவிட்டால் காற்றில்லாமல் மெழுகுவர்த்தி அணைந்துவிடும்.