புயல் வந்தால் பொறுப்பு போய்விடாது
'புயல் இயற்கைச் சீற்றம். கட்டிவைத்த படகு அறுத்துக்கொண்டு போய் அடுத்த படகில் மோதினாலும் நஷ்டஈடு தர வேண்டாம்' என்று ஒருவர் சொல்லியிருப்பது அப்படியே சரியல்ல. எவ்வளவு கவனமாக இருந்தாலும் தடுத்திருக்க முடியாது என்றால்தான் அந்த வாதம் நிற்கும். முன்கூட்டியே எச்சரிக்கை வந்த புயலுக்கு அது லேசில் எடுபடாது. அமெரிக்கக் கடல்சார் சட்டத்தில், அடித்துக்கொண்டு வந்து மோதிய படகின் மேல்தான் தவறு என்று முதலில் அனுமானிப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் 'லூசியானா' கப்பல் வழக்கிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். தன் மேல் தவறு இல்லை என்று காட்டுவது அந்தப் படகின் உரிமையாளர் பாடு. கயிறு உரசும் இடத்தில் உறை போட்டாரா, கூடுதல் கயிறு கட்டினாரா, பாயைக் கழற்றினாரா என்றெல்லாம் கேள்வி வரும். அப்புறம், படகுத்துறை மேல் வழக்குப் போட நினைப்பவர்கள் ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள். பல இடங்களில் வாடகை நிறுத்துமிடத்துக்கு மட்டும்தான், காவலுக்கு இல்லை.