எழுதப்படாத இரங்கல் கடிதங்கள்

சென்ற வாரம் என் பழைய முதலாளியின் பிள்ளைகளுக்கு இரங்கல் கடிதம் எழுத உட்கார்ந்தபோது, 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று கை தானாகவே எழுதிவிட்டது. அதை அடித்துவிட்டு, தாமஸ் காரெட் மறைந்தபோது அவர் குடும்பத்துக்கு வந்த கடிதங்களை மீண்டும் எடுத்துப் படித்தேன்.

காரெட், அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்து வில்மிங்டன் நகரில் இரும்பு வணிகம் செய்தவர்; குவேக்கர் என்ற கிறித்தவச் சமயக் குழுவைச் சேர்ந்தவர். அடிமைமுறை சட்டமாக இருந்த அந்த மாநிலத்தில், தப்பியோடி வந்த ஏறத்தாழ 2,700 பேருக்குத் தங்க இடமும் வழிச்செலவும் கொடுத்து வடக்கே அனுப்பிவைத்தார். அப்படித் தப்பி வந்த ஹாக்கின்ஸ் குடும்பத்துக்கு உதவிய வழக்கில் 1848இல் அவர்மீது பெருந்தொகை அபராதம் விழுந்தது. அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. 1871 ஜனவரி 25 அன்று, 81ஆம் வயதில் காலமானார்.

அடிமை ஒழிப்பு இதழாளர் வில்லியம் லாய்ட் காரிசன் எழுதிய கடிதம் அவற்றுள் புகழ்பெற்றது. நிறைந்த வயதும் பிறருக்குப் பயன்பட்ட வாழ்வும் வாய்த்த ஒருவருக்காகத் துயரப்படக் காரணம் இல்லை என்று துக்கவீட்டுக்கே எழுதும் துணிவு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அடுத்து அவரும், இம்மண்ணில் நடமாடிய மிக நல்ல மனிதர்களுள் ஒருவர் என்ற உயர்வுநவிற்சிக்குப் போய்விடுகிறார். அது உண்மையாகவே இருக்கலாம். எந்த நல்ல மனிதருக்கும் பொருந்தும் என்பதுதான் குறை.

காரெட் தாமே எழுதிய கடிதங்கள் வேறு மாதிரி. 1854 டிசம்பர் 29 தேதியிட்ட ஒன்றை (மாதப் பெயர்களில் பிற தெய்வங்களின் பெயர்கள் கலந்திருப்பதால் அந்நாள் குவேக்கர்கள் '12ஆம் மாதம்' என்றே எழுதுவார்கள்) பாருங்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பி, பின் திரும்பிப் போய் மற்றவர்களையும் அழைத்து வந்த ஹேரியட் டப்மனும் ஆறு ஆண்களும் ஒரு பெண்ணும் வந்தார்கள், டப்மனுக்கும் ஆண்களில் ஒருவருக்கும் செருப்பு தேய்ந்து காலைவிட்டே போயிருந்தது, இரண்டு டாலர் கொடுத்தேன், என் செலவில் வண்டி அமர்த்தச் சொன்னேன் என்று கணக்கு ஒப்பிப்பதுபோல் எழுதுகிறார். 'உங்களிடம் எனக்கான பணம் இருப்பதாகக் கடவுள் சொன்னார்' என்று டப்மன் ஒருமுறை கடைக்கே வந்து நின்றதையும் பின்னாளில் எழுதியிருக்கிறார். எவ்வளவு வேண்டும் என்று கேட்டதற்குச் சற்று யோசித்து 23 டாலர் என்றாராம். ஸ்காட்லாந்திலிருந்து டப்மனுக்கென்றே வந்திருந்த ஐந்து பிரிட்டிஷ் பவுண்டை மாற்றியதில் கிடைத்த 24 டாலரையும் சில்லறையையும் காரெட் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்தச் சில்லறையைக்கூட விடாமல் குறித்த வணிகரை எனக்கு எந்தப் புகழுரையையும்விட நன்றாகத் தெரிகிறது. என் கடிதத்தையும் அதன்பின், என் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு முதலாளி கொடுத்த 3,500 ரூபாயிலிருந்துதான் தொடங்கினேன்.

எனக்கு உண்மையான மனக்குறை ஒன்று உண்டு. கொடையாளர்களின் நினைவாக இரங்கல் கடிதங்களைத் தொகுக்கும்போது நாம் காரிசன்களைத்தான் தொகுக்கிறோம். அந்த 2,700 பேரில் பெரும்பாலோருக்கு எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்தது. டப்மனுக்கே எழுதவோ படிக்கவோ தெரியாது. உதவி பெற்றவர்களின் கடிதம் இல்லாத தொகுப்பில் கொடுத்தவரின் நண்பர்கள் மட்டுமே பேசுகிறார்கள். அதை முழுமையான சாட்சியம் என்று எப்படிச் சொல்வது?

வில்மிங்டன் கறுப்பின மக்கள் தங்கள் சாட்சியத்தை வேறு விதத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஆண்களுக்கு வாக்குரிமை கிடைத்த 1870இல், அடிமைப்பட்ட மக்களை மீட்ட விவிலியத் தலைவரின் பெயரால் 'எங்கள் மோசே' என்று எழுதிய பதாகையோடு காரெட்டைத் திறந்த வண்டியில் ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். மறு ஆண்டு அவர் இறந்ததும், நான்காம் தெருவும் மேற்குத் தெருவும் சந்திக்கும் இடத்திலுள்ள குவேக்கர் கூட்ட இல்லம் வரை, அவருடைய உடலைத் தோள்மாற்றித் தோள்மாற்றி அவர்களே சுமந்து சென்றார்கள்.