ஒயரின் தடையையும் கணக்கில் சேருங்கள்

பக்க இணைப்பில் (கருவிகளை அருகருகே ஒரே மின்வழங்கலின் இரு முனைகளிலும் இணைப்பது) ஒவ்வொரு கருவிக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். தாளில் சரி. வீட்டில் ஒயருக்கும் தடை உண்டே, அது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாகத் தொடர் இணைப்பில், அதாவது மொத்த மின்னோட்டமும் கடந்து போகும் வழியில் அல்லவா நிற்கிறது!

ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி. தடை சுமார் 53 ஓம், மின்னோட்டம் 4.3 ஆம்பியர். அதிலேயே 2000 வாட் வாட்டர் ஹீட்டரையும் (26.5 ஓம்) செருகினால் மொத்தத் தடை 17.6 ஓம். இருப்பதில் சின்னதை விடவும் குறைவு. பையன்கள் பரீட்சையில் தடுமாறுவதே இந்த இடத்தில்தான். மின்னோட்டம் 13 ஆம்பியர்.

இப்போது ஒயருக்கு வாருங்கள். அதற்கும் லூஸாக இருக்கும் பிளக்குக்கும் சேர்த்து அரை ஓம் என்று வையுங்கள். இஸ்திரிப் பெட்டி மட்டும் இருந்தபோது அங்கே 9 வாட் வெப்பம்தான். இப்போது 80 வாட்டுக்கு மேல்! சூடு மின்னோட்டத்தின் வர்க்கப்படி ஏறும்; மின்னோட்டம் மூன்று மடங்கு, சூடு ஏறக்குறைய ஒன்பது மடங்கு. பிளக் ஓரம் பழுப்பாகி நாற்றம் வருவது இதனால்தான். பாக்ஸ் 6 ஆம்பியருக்கானது என்றால் கேட்கவே வேண்டாம். அந்த லைனில் 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அது பாட்டுக்குச் சும்மா இருக்கும், 13 ஆம்பியருக்கு அது விழாது.