நாயனம் வேண்டும், நாயனக்காரர் வேண்டாமாம்

மூன்று நாட்களாக நம் பாலக்காட்டுப் பக்கத்து வாட்ஸாப் குழுக்களில் சுற்றும் அந்தக் கோயில் திருவிழா நோட்டீஸை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முதல் நோட்டீஸில் இருந்த நாயனக்காரரின் பெயர் இரண்டாவதில் இல்லை. பல ஆண்டுகளாக அதே மைதானத்தில், சாமி புறப்பாட்டுக்கான மல்லாரியை வாசித்தவர் அவர்; முஸ்லிம். இந்த ஆண்டுதான் அவருடைய பெயரில் அபசுரம் கேட்டிருக்கிறது.

நாயனம் வேண்டும், நாயனக்காரர் வேண்டாம் என்பது புதிய வழக்கமல்ல. சபரிமலையில் நடை அடைக்கும்போது ஒலிப்பது யேசுதாஸின் குரல். குருவாயூரில், கிறிஸ்தவராகப் பிறந்த அவர் வாசலோடு நிற்க வேண்டும். கதகளிப் பாடகர் கலாமண்டலம் ஹைதரலியைப் பாடவைப்பதற்காக ஒரு கோயிலில் மேடையையே மதிலுக்கு வெளியே நீட்டினார்கள். மதிலைத் தாண்டக் குரலுக்கு அனுமதி உண்டு, தொண்டைக்கு இல்லை.

"கோயிலுக்கென்று ஆசாரம் உண்டு, தந்திரி, அதாவது தலைமை அர்ச்சகர், சொன்னால் சொன்னதுதான்" என்பார்கள். நம் நாயனக்காரர் ஸ்ரீகோவிலுக்குள், அந்தக் கருவறைக்குள், போகக் கேட்கவில்லை. மைதானத்துப் பந்தலில் வாசிக்கத்தான் இருந்தார். ஆந்திரத்துக் கரவதியில் பிறந்த நாதஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானா ஸ்ரீரங்கத்தில் குடியேறி, அரங்கனுக்கு வாசித்தே வாழ்ந்தார். அங்கே இல்லாத ஆசாரமா?

"உங்கள் பள்ளிவாசலில் எங்களை வாசிக்க விடுவீர்களா?" என்று அடுத்து ஒருவர் வருவார். என் அண்ணன் மகள் பரதம் கற்கப் போனபோது எங்கள் ஆட்களே முகம் சுளித்தார்கள். அவர்களோடும் சண்டையிட்டு இங்கேதான் எழுதினேன். அந்தப் பதிவை மட்டும் நீங்கள் வெகு மகிழ்ச்சியாகப் பகிர்ந்தீர்கள்.

எங்கள் வீட்டில் ராவுத்தர் தமிழ். தெருவில் இறங்கினால் மலையாளம். கம்பன் என் காதில் முதலில் விழுந்தது பள்ளிக்கூடத்திலல்ல, பகவதி கோயிலின் கூத்துமாடத்தில், அதாவது பாவைக்கூத்து நடக்கும் மேடையில். தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் ராம ராவண யுத்தத்தைக் காண முடியாமல் போன பத்ரகாளிக்காகவே தோல்பாவைக்கூத்து நடக்கிறது என்பார்கள். ஆகவே எதிரே ஓர் ஆள் இல்லாவிட்டாலும் கூத்து நிற்காது. மலையாள நாட்டுப் பகவதிக்குத் தமிழ்க் கம்பன்! கூத்து நடத்தும் புலவர் கம்பனின் விருத்தத்தைப் பாடி மலையாளம் கலந்த தமிழில் பொருள் சொல்வார். தேங்காய் மூடிகளில் வரிசையாக எரியும் 21 விளக்குகளின் வெளிச்சத்தில் பாவையின் நிழல் துணியில் நடுங்கும். அந்தத் திரைக்கான வெள்ளைத் துணி, ஆயப்புடவை என்பார்கள், எங்கள் ஜவுளிக்கடையிலிருந்துதான் போகும். அத்தா முழம் போட்டுக் கிழித்துக் கொடுப்பார், காசு வாங்கமாட்டார். இரவில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், "நம்ம துணியில ராவணன் எப்படி நிக்கிறான் பாரு" என்பார். அந்தத் துணிக்கு மதம் கேட்டவர் எவருமில்லை.

நேற்று கமிட்டிக்காரர் ஒருவர் அழைத்தார். "உங்களைச் சொல்லவில்லை இக்கா, நீங்கள் வேறு" என்றார். சிறுவயது முதல் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அவர். முஸ்லிம் அண்ணனைக் கூப்பிடும் அந்த இக்கா ஆனது எப்போது என்று தெரியவில்லை. அந்த "வேறு" என்ற சொல் இரவு முழுக்கத் தூங்கவிடவில்லை. வேறு என்றால் துணி தருகிறவன், நன்கொடை தருகிறவன், மேடை கேட்காதவன்.

வழக்கம்போல இந்த ஆண்டும் ரசீதுப் புத்தகம் கடைக்கு வந்தது. ஐநூறு ரூபாய் எழுதிக் கொடுத்தேன். என் பெயரை நோட்டீஸில் போட வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.