ரப்பர் வெலயும் ரேஷன் அரிசியும்

கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரத்துல டீக்கடைல வச்சு நேத்து எனக்கும் எங்க பெரியப்பாவுக்கும் நல்ல வாக்குவாதம், இருக்குற பொருள சந்தை வெல பங்கு வைக்கணுமா, சர்க்காரு திட்டம் போட்டு பங்கு வைக்கணுமான்னு. அவரு பழைய யூனியன் ஆளு, முதலாளித்துவத்துல எல்லாம் பைசாக்காரன் பக்கந்தான் போவும்டேன்னாரு, நான் சோசியலிசத்துல கியூல நின்னே வயசாயிடும்னேன். ராத்திரி படுத்து யோசிச்சா ரெண்டுபேரும் பாதிதான் சொல்லிருக்கோம்.

2011ல ரப்பர் வெல கிலோ 200 ரூவாய தாண்டிச்சுல்லா, அப்ப எங்க பக்கத்துல எத்தன பேரு வாழையயும் மரச்சீனியயும் (மரவள்ளிக்கிழங்கத்தான் நாங்க அப்படி சொல்லுவோம்) அழிச்சிட்டு ரப்பர் கண்ணு வச்சாங்க, ஒரு ஆபீசரும் வந்து நடுன்னு சொல்லல, வெல மட்டுந்தான் சொல்லிச்சு. இவ்வளவு பேருக்கு இவ்வளவு சீக்கிரமா சேதி சொல்ல வேற எதாலயும் முடியாது, அத ஒத்துக்கணும். ஆனா கண்ணு வளந்து, பட்டய வெட்டி பால் எடுக்குற பதத்துக்கு வர ஏழு வருஷமாவும். 2016 தொடக்கத்துலயே வெல 100க்கும் கீழ போச்சு. வெட்டுக்கூலி குடுத்தா கைல ஒண்ணும் நிக்காதுன்னு வெட்டுற மரத்தயே சும்மா போட்டவங்க உண்டு.

சரி, திட்டம் போட்டு பங்கு வைக்கலாம்னா? சோவியத்துல அதுக்குன்னே 1921ல காஸ்பிளான்னு ஒரு அமைப்பு வச்சாங்க. ரொட்டி வெலய ரொம்ப கம்மியா வச்சதுல, தீவனத்தவிட ரொட்டி லாபம்னு ஜனங்க அத வாங்கி மாட்டுக்கு போட்டாங்க. சிரிக்காதீங்க, நம்ம ரேஷன் அரிசி எத்தன வீட்டுல கோழிக்கு போவுது, களியக்காவிளை தாண்டி கேரளாவுக்கு எப்படி போவுதுன்னு நமக்கு தெரியாதா?

அதுக்காக ரேஷன எடுத்துரலாம்னு சொல்றவங்ககிட்ட எனக்கு கோவந்தான் வரும். 1942ல பர்மா ஜப்பான்காரன் கைக்கு போனதும் அரிசி வரத்து நின்னுச்சு, நம்ம ஊரெல்லாம் அப்ப திருவிதாங்கூர்ல, வெளி அரிசிய நம்பியே இருந்த நாடு. எங்க பாட்டி மரச்சீனி தின்னே வளந்ததா சொல்லும். 1943ல வங்காளத்துல அரிசி பசிச்சவன்கிட்ட போவல, காசு இருந்தவன்கிட்ட போச்சு, லட்சக்கணக்குல செத்தாங்க. சந்தைக்கு காசு சத்தம்தான் கேக்கும், வயித்து சத்தம் கேக்காது. ரப்பருக்கு ஏழு வருஷம் காத்திருக்கலாம், சோத்துக்கு ஏழு நாள் முடியுமா? கோழிக்கு போற அரிசி போவட்டும், என் கணக்குல அது சின்ன நஷ்டம்.

இன்னைக்கு காலைல இதெல்லாம் பெரியப்பாகிட்ட சொன்னேன். கூடவே 2011ல மரச்சீனிய பறிச்சிட்டு ரப்பர் வச்சதுல மொத ஆளே நீங்கதானேன்னு கேட்டேன். டீக்காச நீயே குடுடேன்னுட்டு எந்திச்சு போயிட்டாரு.