கிளட்ச் பிடிக்காதவர்கள் ரைடர் இல்லையாமே!

ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் கடையில் நடந்ததும், அதை ஒருவர் ரீலாகப் போட்டதும், அதன் கீழே நம் பைக் ரைடிங் குரூப் ஆட்கள் வரிசையாக வந்து சிரித்து வைத்ததும் இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் தேடிப் பார்க்க வேண்டாம். வியூஸ் ஏற்றிவிட்டு அவர்களுக்குப் புண்ணியம் சேர்க்காதீர்கள்.

பிஎம்டபிள்யூவின் அட்வெஞ்சர் பைக் ஒன்றைப் பற்றி நான் சொன்னது ஒரே வாக்கியம். "எஃப் 450 ஜிஎஸ் வாங்குவதாக இருந்தால் அந்த ஆட்டோமேட்டிக் கிளட்ச் வருகிற டிராஃபி மாடலைத்தான் பார்ப்பேன்." அதற்குச் சீனியர் அண்ணன் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், "அதுக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கலாமே மேடம்" என்றார். மேசை முழுக்கச் சிரிப்பு. நானும் சேர்ந்து லேசாகச் சிரித்தேன். வேறென்ன செய்வது, வாயில் பொங்கல் இருந்தது.

அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்கிறேன். கிளட்ச் என்பது என்ஜினையும் சக்கரத்தையும் சேர்த்தும் பிரித்தும் விடுகிற சமாச்சாரம். அதை யார் பிடிக்கிறார்கள், விரலா, மோட்டாரா, சுழலும் எடையா என்பதை வைத்து ஒருவர் வண்டி ஓட்டுகிறாரா இல்லையா என்று அளக்காதீர்கள். அவ்வளவுதான் என் வாதம். கீழே நீளமாக எழுதப் போகிறேன், ஆனால் விஷயம் இதுதான்.

முதலில் அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 420 சிசி, இரட்டை சிலிண்டர், 48 குதிரைத்திறன், 178 கிலோ. 2025 நவம்பரில் மிலன் கண்காட்சியில் காட்டினார்கள். டிராஃபி மாடலில் ஈஸி ரைடு கிளட்ச் என்று ஒன்று வருகிறது. உள்ளே நடப்பது மாயம் எதுவும் இல்லை. என்ஜின் வேகம் கூடக் கூட, கிளட்சுக்குள் இருக்கும் எடைகள் சுழலும் வேகத்தில் வெளிப்பக்கமாக விலகி அழுத்தம் கொடுக்கும், கிளட்ச் பிடித்துக்கொள்ளும். ஐடிலுக்கு இறங்கினால் தானாக விட்டுவிடும். அதனால் கியரில் நின்றாலும் வண்டி ஆஃப் ஆகாது. கியரை நீங்கள்தான் காலால் மாற்ற வேண்டும். கிளட்ச் லீவரும் ஹேண்டில்பாரில் அப்படியே இருக்கிறது, வேண்டும்போது பிடித்துக்கொள்ளலாம். இதில் எந்த இடத்தில் ஸ்கூட்டி வந்தது? ஸ்கூட்டியில் கியர் போடுகிற யாரையாவது அண்ணன் பார்த்திருந்தால் எனக்கும் காட்டட்டும்.

இந்த வண்டி எங்கே தயாராகிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஓசூரில். பிஎம்டபிள்யூவும் டிவிஎஸ்ஸும் 2013இல் கைகோத்தார்கள், ஜி 310 வரிசை வண்டிகள் அங்கிருந்து உலகம் முழுக்கப் போயின, இப்போது இது. அதே ஓசூரிலிருந்துதான் 1980இல் டிவிஎஸ் 50 வந்தது. பிறகு எக்ஸ்எல் மொபெட். எக்ஸ்எல்லுக்குள் இருப்பது என்ன கிளட்ச் என்று தெரியுமா? அதுவும் சுழலும் வேகத்தில் தானாகப் பிடிக்கிற கிளட்ச்தான். டிராஃபி மாடலில் இருப்பது அதைவிடப் பல மடங்கு நுணுக்கமானது, மறுக்கவில்லை. ஆனால் அடிப்படைத் தத்துவம் ஒன்றுதான். ஐரோப்பாக்காரன் இப்போது கைதட்டுகிற விஷயத்தை நம் ஊர் விவசாயி நாற்பது வருடமாக மிதித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

என் அப்பா ஓட்டியது எக்ஸ்எல். எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். வீட்டிலிருந்து காட்டுக்குப் போகும் வழியில் ஓர் ஓடை. கோடையில் மணல், மழைக்காலத்தில் சேறு, நடுவில் எப்போதும் உருண்டைக் கற்கள். ஓடையைத் தாண்டினால் மேடு, மேட்டுக்கு மேலே வரப்பு. அப்பா அந்த வழியில்தான் தினமும் மாட்டுக்குப் புல் கட்டி வருவார். தூரத்திலிருந்து பார்த்தால் வண்டியே தெரியாது, புல்லுக்கட்டு ஒன்று தானாக நகர்ந்து வருவது மாதிரி இருக்கும். ஓடை வந்ததும் இரண்டு காலையும் தொங்கவிட்டுக்கொண்டு, ஆக்சிலரேட்டர் முறுக்கைச் சீராகப் பிடித்து, மெதுவாக ஏறிவிடுவார். சில நாள் பின்னால் அம்மா, மடியில் ராகி மூட்டை, முன்னால் பலகையில் நான். ஒரு தடவைகூட அங்கே எங்களைக் கீழே போட்டதில்லை.

ஹெல்மெட் கேமரா கிடையாது, முழங்கால் கவசம் கிடையாது, "ஆஃப் ரோடு ட்ரெய்னிங் லெவல் 2" சான்றிதழ் கிடையாது. கிளட்ச் பிடிக்கும் வேலையும் கிடையாது. போன வருடம் அதே ஓடையில் நம் குரூப் ஆட்கள் சிலரை நான்தான் கூட்டிப் போனேன். யார் யார் வண்டியைப் படுக்கப்போட்டார்கள் என்று சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். எல்லாம் கிளட்ச் உள்ள வண்டிகள், எல்லாம் கிளட்ச் பிடிக்கத் தெரிந்த கைகள்.

சரி, இப்போது "நீங்க விஷயத்தைப் புரிஞ்சுக்கல மேடம்" என்று வரப்போகிறவர்களுக்கு.

"கிளட்ச் கன்ட்ரோல்தான் ஆஃப் ரோடின் உயிர்" என்பார்கள். ஹாஃப் கிளட்ச் பிடித்து மெதுவாக நகர்வது ஒரு கலை, ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் அது தெரியும், வருடக்கணக்கில் செய்திருக்கிறேன். ஆனால் கல் மேட்டில் உயரம் குறைந்தவர்கள் ஏன் விழுகிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? பாதி மேட்டில் வண்டி ஆஃப் ஆகும். நின்றுபோன வண்டி பள்ளமான பக்கம் சாயும். கால் வைக்கலாம் என்று பார்த்தால் அந்தப் பக்கம் தரை எட்டாது. போச்சு. 845 மில்லிமீட்டர் சீட்டு உயரத்தில், ஆறடி ஆளுக்கு இது பிரச்சினையே இல்லை. அஞ்சடி இரண்டு அங்குலத்தில் உட்கார்ந்து பாருங்கள், பிறகு கலையைப் பற்றிப் பேசலாம். வண்டி ஆஃப் ஆகாது என்கிற ஒரே விஷயம் எனக்குப் பாதி பயத்தைக் குறைக்கும். உலகத்திலேயே கடினமான எண்டூரோ என்கிற கரடுமுரடான பாதைப் பந்தயங்களில் ஓட்டுகிறவர்கள்கூட ரெக்லூஸ் மாதிரியான ஆட்டோ கிளட்சைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களிடம் போய் ஸ்கூட்டி வாங்கச் சொல்லுங்கள் பார்ப்போம்.

"இறக்கத்தில் என்ஜின் பிரேக்கிங் போய்விடும்." முறுக்கை விட்டதும் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்குமே, அதைச் சொல்கிறார்கள். ஆமாம், ஆர்பிஎம், அதாவது என்ஜின் வேகம், ரொம்ப இறங்கினால் கிளட்ச் விட்டுவிடும், வண்டி உருளும். இது உண்மையான குறைதான். முறுக்கைக் கொஞ்சம் பிடித்து வைக்கணும், பிரேக்கை நம்பணும். பழகணும். அடுத்தது.

"தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது." எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்? கடைசியாக எப்போது தள்ளினீர்கள்?

"கியரில் போட்டு மேட்டில் நிறுத்தினால் வண்டி உருண்டுவிடும்." அட, இது நல்ல கேள்வி. இந்த மாதிரி கிளட்சில் என்ஜின் ஓடாதபோது பிடிப்பே இருக்காது, கியர் வண்டியை நிறுத்தி வைக்காது. ஷோரூமில் முதலில் இதைத்தான் கேட்பேன். பாருங்கள், இப்படி ஒரு கேள்வியை அண்ணன் அன்றைக்குக் கேட்டிருந்தால் இன்னொரு காபி சொல்லிவிட்டு அரை மணி நேரம் சந்தோஷமாகப் பேசியிருப்பேன். அவர் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது சிரிப்பு.

"இது சோம்பேறித்தனம், ரைடிங்கின் சுகமே போச்சு" என்பதுதான் எனக்குத் தாங்கமுடியாத ஒன்று. இதே அண்ணன் ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின் பக்கத்தில் நின்று எடுத்த படத்துக்கு "ட்ரீம் பைக்" என்று எழுதியிருந்தார், நானே ஹார்ட் போட்டிருக்கிறேன். 2017இல் அந்த வண்டி இந்தியாவுக்கு வந்தபோது டிசிடி என்கிற ஆட்டோமேட்டிக் கியர் மாடல் மட்டும்தான் வந்தது. கிளட்ச் லீவரே கிடையாது. கியரைக்கூட வண்டியே மாற்றும். அது கனவு வண்டி! யமஹா 2024இல் எம்டி-09 பைக்குக்கு ஒய்-ஏஎம்டி என்கிற ஆட்டோமேட்டிக் கியர் கொடுத்தது, கிளட்ச் லீவரும் இல்லை, கியர் பெடலும் இல்லை. அது எதிர்காலம்! பெரிய ஜிஎஸ், அதாவது 1300, அதில் கிளட்ச் லீவர் இல்லாத மாடலும் வந்தது. அது ஜெர்மன் பொறியியல்! மோட்டாரே கிளட்ச் பிடிக்கிற ஹோண்டா இ-கிளட்ச் நம் ஊருக்கே 2025இல் சிபி650ஆரில் வந்துவிட்டது, டிரான்ஸால்புக்கும் அறிவித்துவிட்டார்கள். அதற்கும் நம் குரூப்பில் "வாவ்" தான். ஆக, பத்து லட்சத்துக்கு மேலே இருந்தால் தொழில்நுட்பம், அதற்குக் கீழே நம்மால் எட்டிப் பிடிக்கிற வண்டியில் வந்தால் சோம்பேறித்தனம். அதையும் ஒரு பெண் கேட்டால் ஸ்கூட்டி.

"பெண் என்பதால் சொல்லவில்லை" என்று இன்பாக்ஸில் ஒருவர் சமாதானம் சொன்னார். அப்படியா? அதே மேசையில் ஒரு தம்பி குவிக் ஷிஃப்டர் இல்லாமல் வண்டியே வாங்க மாட்டேன் என்றான். கியர் மாற்றும்போது கிளட்ச் பிடிக்காமல் இருப்பதற்குத்தானே குவிக் ஷிஃப்டர்? ஒருவரும் சிரிக்கவில்லை. கியர் மாற்றும்போது கிளட்ச் பிடிக்காவிட்டால் ரேஸர், நிற்கும்போது கிளட்ச் பிடிக்காவிட்டால் மேடம்.

புல்லட்டில் கியர் வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் போனபோது அழுதவர்கள் இருந்தார்கள். செல்ஃப் ஸ்டார்ட் வந்தபோது "ஆம்பளை வண்டி போச்சு" என்றார்கள். இன்றைக்கு அவர்களே பொத்தானை அழுத்திவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். யாராவது கேட்கிறோமா?

இதே டிவிஎஸ் 2009இல் ஜைவ் என்று ஒரு 110 சிசி பைக் விட்டது. கியர் உண்டு, கிளட்ச் பிடிக்க வேண்டாம். நகர நெரிசலுக்கு அருமையான யோசனை. ஓடவில்லை. காரணம் பல இருக்கும், விலை, வடிவம், விளம்பரம் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அன்றைக்கும் ஒரு டிபன் கடையில் யாரோ ஓர் அண்ணன் சிரித்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆதாரம் கேட்காதீர்கள், கோபத்தில் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இடது கையில் கார்பல் டன்னல், அதாவது மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படும் பிரச்சினை. ஓஎம்ஆரில் சிக்னலுக்கு சிக்னல் கிளட்ச் பிடித்து வீட்டுக்கு வந்தால் இரவில் விரல்கள் மரத்துப் போகும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டு ஹாஃப் கிளட்சிலேயே ஏறினால், மேலே போய் டீ கிளாஸை வலது கையால்தான் பிடிக்கிறேன். நீங்கள் யாரும் கவனித்ததில்லை. கவனிக்க வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை.

அன்றைக்கு ஏன் இதைச் சொல்லவில்லை என்று சிலர் இப்போது கேட்பீர்கள். சொல்லியிருந்தால் அந்த மேசை அடுத்த நொடி "ஐயோ பாவம், மேடத்துக்குக் கை வலி" என்று மாறியிருக்கும். எனக்கு அது வேண்டாம். நான் ஒரு மாடலைத் தேர்ந்தெடுக்க டாக்டர் சீட்டு காட்ட வேண்டுமா? கை நன்றாக இருந்திருந்தாலும் அதே டிராஃபி மாடலைத்தான் கேட்டிருப்பேன். பிடித்திருக்கிறது, அதனால் கேட்கிறேன். நீங்கள் எல்லாம் எக்ஸாஸ்ட் மாற்றும்போது காரணம் சொல்லிவிட்டா மாற்றுகிறீர்கள்?

இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, கிளட்சுக்குச் சம்பந்தமில்லை என்றாலும். ரைடு போகும்போது என்னை எப்போதும் வரிசையின் நடுவில் விடுகிறீர்கள். பாதுகாப்புக்காம். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட முன்னால் போகும் லீடு கொடுத்ததில்லை, கடைசியில் எல்லாரையும் பார்த்துக்கொண்டு வரும் ஸ்வீப் வேலையும் கொடுத்ததில்லை. பஞ்சர் ஒட்டத் தெரியும், செயின் டைட் பண்ணத் தெரியும், என் ஊர்க் காட்டு வழிகள் எனக்குத்தான் தெரியும். ஆனால் குரூப் போட்டோவில் நடுவில் நிற்க மட்டும் கூப்பிடுவீர்கள். அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. என்னைக் கேட்காமல் என் முகத்தை வைத்து, அதற்குப் பின்னால் காமெடி மியூசிக் போட்டு, "ஆட்டோமேட்டிக் அக்கா" என்று தலைப்பு வைத்தீர்களே, அதை எடுத்துக்கொண்டுவிட்டேன்.

ரீலை எடுத்துவிடச் சொல்லி அன்றைக்கே கேட்டேன். "ஜாலிக்குத்தானே" என்று பதில். சரி, எனக்கும் ஜாலி வேண்டும். ஓடை வழியில் நான் எடுத்த வீடியோக்கள் எல்லாம் என் போனில் பத்திரமாக இருக்கின்றன. மியூசிக் நானே தேர்ந்தெடுப்பேன்.

பி.கு: விலை என்ன, ஆன் ரோடு எவ்வளவு, டெஸ்ட் ரைடு எங்கே கிடைக்கும் என்று இன்பாக்ஸில் வருபவர்களுக்கு: நான் ஷோரூம் இல்லை. "கணவர் என்ன வண்டி ஓட்டுகிறார்?" என்று கேட்டவருக்கு: பஸ்.