எரிமலை இல்லாவிட்டாலும் அலை வரும்
"இலங்கையில் எரிமலையே இல்லை, அதனால் எங்களுக்கு அதைப் பற்றிய கவலை தேவையில்லை" என்று எரிமலைகளைப் பற்றிய இந்தக் கட்டுரையில் இருக்கும் வரியில் முதல் பாதி சரி, இரண்டாவது பாதியை ஏற்க முடியவில்லை, ஏனென்றால் 1883 ஓகஸ்ட் 27 அன்று இந்தோனேசியாவின் சுந்தா நீரிணையில் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது கிளம்பிய அலை எங்கள் கிழக்குக் கரை வரை வந்து, பாணமையில் ஒரு பெண் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. அந்த வெடிச்சத்தம் கிட்டத்தட்ட 4,800 கிலோமீற்றர் தள்ளி இந்து சமுத்திரத்தில் இருக்கும் றொட்றிகஸ் தீவிலும் கேட்டது. அடுத்த மாதம் இங்கே சூரியனே பச்சையாகத் தெரிந்ததாம், வானத்தில் உயரப் போன நுண்துகள்கள் செய்த வேலை அது. 2004இல் வெள்ளவத்தைக் கரையில் கடல் உள்வாங்கியதைக் கண்ணால் பார்த்தவன் நான், அதற்குக் காரணம் நிலநடுக்கம். ஆனால் 2018 டிசெம்பரில் அதே சுந்தா நீரிணையில், பழைய கிரகட்டோவாவின் இடத்தில் பிறகு முளைத்த அனாக் கிரகட்டோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்து எழுந்த அலைக்குப் பெரிய நடுக்கம் எதுவும் முன்னால் வரவில்லை, எச்சரிக்கையும் வரவில்லை, 400க்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். இதைத்தான் கட்டுரை எழுதியிருக்க வேண்டும். அப்புறம், கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் காட்டி திருகோணமலைக்கு அடியில் எரிமலை இருக்கிறது என்று கட்டுரைக்குக் கருத்துச் சொன்ன ஒருவர் எழுதியிருக்கிறார்; அப்படி இல்லை, நிலத்துக்குள் ஆழமாக இறங்கும் தண்ணீர் அங்குள்ள சூட்டில் வெந்து பாறை வெடிப்புகள் வழியாக மேலே வருகிறது, அவ்வளவுதான்.